செயலுக்கு முதல் இடம்: அரசு ஊழியரும் இணையக் கலைக்களஞ்சியமும்

(இடுக்கி மாவட்டத்தில் மூணாறு அருகே உள்ள பள்ளிவாசல் ஊரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு அரசு ஊழியருக்கு இணையக் கலைக்களஞ்சியத்தில் தனிக் கட்டுரை வைக்கலாமா, வேண்டாமா? இதுதான் இன்றைக்கு எடுத்துக்கொண்ட கேள்வி. வேறு ஊரில் கேட்டால் பொழுதுபோக்குக் கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் இது அரசு ஊழியர்களின் கையெழுத்தால் உருவான மலை. காட்டை அளந்தவர், ஏலமலைக்கு எல்லை போட்டவர், ஆற்றைக் குழாயில் இறக்கி மின்சாரம் எடுத்தவர், பட்டா கொடுத்தவர், கொடுத்த பட்டாவை ரத்துசெய்தவர் என்று இங்கே வரலாறு பண்ணியவர்களில் பெரும்பாலோர் அரசுச் சம்பளம் வாங்கியவர்கள். அவர்களில் யாருடைய பெயரை நம் பிள்ளைகள் தேடிப் படிக்கப் போகிறார்கள் என்பதை இன்று முடிவுசெய்பவர்கள், கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் தன்னார்வலர்கள். நாளைக்கு நீங்களும் அந்த இடத்தில் உட்காரலாம். ஆகவே என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதவியைப் பார்த்துக் கட்டுரை கொடுக்கக் கூடாது. புகழைப் பார்த்தும் கூடாது. நல்லவர் என்பதற்காகவும் கூடாது. செயலுக்கு முதலில் கட்டுரை எழுதுங்கள், செய்தவரின் பெயரை அதற்குள் வையுங்கள். அந்த ஒரு செயலுக்கு வெளியேயும் சொல்லத்தக்க வாழ்வு அவருக்கு உண்டு என்று, அவருக்குக் கடன்படாதவர்கள் விரிவாக எழுதிவைத்திருந்தால் மட்டும் தனிக் கட்டுரை கொடுங்கள்.

தமிழுக்குக் களஞ்சியம் புதிதல்ல. ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் வந்தது. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து நடத்திய கலைக்களஞ்சியம் 1954 முதல் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. அச்சுக் களஞ்சியத்தில் யார் வரவேண்டும் என்பதை ஒரு ஆசிரியரோ ஒரு குழுவோ தீர்மானித்தது. தாளின் விலையும் கூடவே தீர்மானித்தது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஆசிரியர் குழுவும் இல்லை, தாள் செலவும் இல்லை. 2017இல் அது ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. கதவு திறந்திருப்பதால்தான் அங்கே ஒரு விதி தேவைப்பட்டது. அதைக் குறிப்பிடத்தக்கமை என்கிறார்கள். ஒருவரோடு தொடர்பில்லாத, நம்பத்தக்க வெளியீடுகள் அவரைப் பற்றிப் போகிற போக்கில் குறிப்பிடாமல் விரிவாக எழுதியிருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வழக்கத்தில் இந்தச் சோதனை எளிதாகிவிடுகிறது. 1957இல் தேவிகுளத்திலிருந்து கேரளச் சட்டமன்றத்துக்குப் போன ரோசம்மா புன்னூஸுக்குக் கட்டுரை உண்டா என்று யாரும் வாதாடப்போவதில்லை. அதே தேவிகுளத்தில் உட்கார்ந்திருந்த சப்-கலெக்டருக்கு அந்தச் சலுகை கிடையாது. இது அநியாயமாகத் தெரியலாம். ஆனால் காரணம் இருக்கிறது. தேர்தலில் நின்றவரைப் பற்றி வாக்குக் கணக்கு உண்டு, சபைக் குறிப்பு உண்டு, எதிர்க்கட்சியின் விமர்சனம் உண்டு, பத்திரிகை உண்டு. அவர் செய்ததும் செய்யாததும் பலருடைய பார்வையில் பதிவாகின்றன. அதிகாரியின் வேலையோ கோப்புக்குள் நடக்கிறது. அந்தக் கோப்பை எழுதுபவரும் அவரே, அல்லது அவருக்கு மேலிருப்பவரே. எனவே பதவி என்பது, வெளிச்சாட்சி இருக்கும் என்பதற்கான ஓர் அடையாளம், அவ்வளவுதான். அந்தச் சாட்சி இல்லாத இடத்தில் வெறும் பதவியை வைத்துக் கட்டுரை எழுதினால், பிறந்த தேதி, படித்த கல்லூரி, வகித்த பொறுப்புகள் என்ற பணிப்பதிவேடுதான் மிஞ்சும்.

பதவிக்கு முதலிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரைவிட வேறு சான்று வேண்டாம். கேரளத்தின் முதல் அரசு நீர்மின் திட்டம் பள்ளிவாசல். முதிரப்புழை ஆற்றின் நீரை மலைச்சரிவில் பென்ஸ்டாக் என்ற பெருங்குழாய் வழியாக இறக்கி, 1940இல் இங்கே மின்சாரம் எடுத்தார்கள். அப்போது இது திருவிதாங்கூர் சமஸ்தானம். ஸ்ரீசித்திரைத் திருநாள் மகாராஜா, சி.பி. ராமசாமி ஐயர் திவான். பவர்ஹவுஸின் திறன் பின்னர் 37.5 மெகாவாட்டாக உயர்ந்தது. ஆலுவாய்ப் பக்கம் அலுமினியத் தொழிற்சாலையும் உரத் தொழிற்சாலையும் 1940களில் எழுந்ததற்கு இந்த மின்சாரம் அடிப்படை. இப்போது வரைபடத்தைப் பாருங்கள். மூணாற்றில் இருக்கும் தலைமதகு அணைக்கு ராமசாமி ஐயரின் பெயர். குண்டளை அணைக்கு மகாராஜாவின் தாயார் சேது பார்வதி பாயின் பெயர். பக்கத்து ஊர் சித்திரபுரம், மகாராஜாவின் பெயர். பாறையை அளந்து, சரிவைக் கணக்கிட்டு, டர்பைனை மலையேற்றிய பொறியாளர்களின் பெயர் அந்த வரைபடத்தில் இல்லை. தலையில் சிமென்ட் சுமந்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திவானுக்குத் தனிக் கட்டுரை தகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புன்னப்ர-வயலார் எழுச்சி முதல் சுதந்திரத் திருவிதாங்கூர் அறிவிப்புவரை அவரைப் பற்றி ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்டவை ஏராளம். ஆனால் பள்ளிவாசல் திட்டத்தின் வரலாறு திவானின் கட்டுரைக்குள் ஒரு சாதனை வரியாக ஒடுங்கிவிடக் கூடாது. திட்டத்துக்கு ஒரு முழுக் கட்டுரை இருந்தால், ஆணையிட்டவர், வரைந்தவர், கட்டியவர் மூவரும் அதற்குள் தங்களுக்குரிய அளவோடு வர முடியும். ஆளை முன்வைத்தால் உயர்ந்த பதவிக்காரர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார். செயலை முன்வைத்தால் பங்கு பிரியும்.

புகழை அளவாக வைத்தால் இன்னொரு கோளாறு வரும். இந்தத் தாலுகாவில் திவானைவிட அதிகம் உச்சரிக்கப்படும் அரசு ஊழியர் பெயர் எது? ரவீந்திரன் பட்டா என்று சொல்லாத வீடு உண்டா? 1999இல் கூடுதல் தாசில்தாரின் பொறுப்பில் இருந்த ரவீந்திரன் என்ற துணைத் தாசில்தார் கையெழுத்திட்டுக் கொடுத்த சுமார் 530 பட்டாக்கள் அவை. கொடுக்க அவருக்கு அதிகாரம் இருந்ததா என்பது இருபது ஆண்டுகளுக்கு மேல் வழக்காகவும் விசாரணையாகவும் அரசியலாகவும் நீண்டு, 2022 ஜனவரியில் அவற்றை ரத்துசெய்ய கேரள அரசு உத்தரவிட்டது. ஒரு கீழ்நிலை அதிகாரியின் பெயர் ஆவண வகையின் பெயராகவே மாறிப்போனது எங்கும் எளிதில் நடக்கிற காரியமில்லை. புகழே அளவென்றால் அவருக்கு உடனே தனிக் கட்டுரை கொடுக்க வேண்டும். ஆனால் அதில் என்ன எழுதுவீர்கள்? பத்திரிகைகள் எழுதியது பட்டாவைப் பற்றி. நில ஒதுக்கீட்டு விதிகளைப் பற்றி. வாங்கியவர்களில் உண்மையான ஏழைகளும் கட்சி அலுவலகங்களும் கலந்திருந்ததைப் பற்றி. அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு செயல்தான் உண்டு. அதிலும் மேலதிகாரிகள் தந்த பொறுப்பின்படியே செய்தேன் என்பது அவர் தரப்பு. தனிக் கட்டுரை எழுதினால் முழு விவகாரத்தின் பாரமும் ஒரு மனிதரின் தலையில் ஏறும். உத்தரவு போட்டவர்களும் பலன் பெற்றவர்களும் நிழலுக்குப் போவார்கள். பட்டா விவகாரத்துக்குத்தான் கட்டுரை வேண்டும். அதில் அவர் பெயர் வரும், அவர் தரப்பும் வரும், மற்றவர்களும் வருவார்கள். வாசகருக்குத் தேவையான அறிவும் அதில்தான் முழுமையாகக் கிடைக்கும்.

இதே நியாயம் வழக்குகளுக்கும் பொருந்தும். பள்ளிவாசல், செங்குளம், பன்னியாறு ஆகிய மூன்று மின்நிலையங்களைப் புதுப்பிக்க 1990களில் கனடாவின் எஸ்.என்.சி.-லாவ்லின் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம், கேரள அரசியலைக் கால் நூற்றாண்டாக ஆட்டிவைக்கிறது. அப்போது மின்துறை அமைச்சராக இருந்த பினராயி விஜயன் உள்ளிட்டோரை 2013இல் சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது. 2017இல் உயர் நீதிமன்றம் அவருடைய விடுவிப்பை உறுதிசெய்து, மின்வாரியத்தின் முன்னாள் அதிகாரிகள் மூவர் மட்டும் விசாரணையைச் சந்திக்க வேண்டும் என்றது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் போனது. அந்த மூவரின் பெயர்கள் பத்திரிகைகளில் நூற்றுக்கணக்கான தடவை வந்திருக்கும். எண்ணிக்கையைப் பார்த்துத் தனிக் கட்டுரை எழுதலாமா? கூடவே கூடாது. முப்பது ஆண்டுப் பணியில் வேறு எதையும் யாரும் எழுதிவைக்காத நிலையில், தீர்ப்பு வராத ஒரு குற்றச்சாட்டு மட்டுமே அந்தக் கட்டுரையாக இருக்கும். தேடுபொறியில் பேரனின் பெயரைத் தட்டினாலும் தாத்தாவின் வழக்கு முதலில் வந்து நிற்கும். ஒரே நிகழ்வால் அறியப்படும் உயிரோடிருப்பவருக்குத் தனிக் கட்டுரை வேண்டாம், நிகழ்வுக்கு எழுதுங்கள் என்ற விக்கிப்பீடியாவின் எச்சரிக்கை மனிதநேயம் மட்டுமில்லை, அறிவுக்கும் நியாயம் செய்வது. பாராட்டுக்கும் இது பொருந்தும். 2007இல் கேரள முதல்வர் அச்சுதானந்தனின் அரசு மூணாறு ஆக்கிரமிப்பை அகற்ற அனுப்பிய சுரேஷ்குமார், ராஜு நாராயணசாமி, ரிஷிராஜ் சிங் என்ற அதிகாரிகள் மூவரையும் பத்திரிகைகள் வீரர்களாகவே காட்டின. அந்தச் சில வாரங்கள் மூணாறு வெளியேற்றம் என்ற கட்டுரைக்குச் சொந்தம். மூவரில் யாருக்காவது தனிக் கட்டுரை தகும் என்றால், மூணாற்றுக்கு முன்னும் பின்னும் அவர்கள் செய்தவற்றைப் பற்றிய விரிவான பதிவுகள் அதை நிலைநாட்ட வேண்டும். ஜேசிபி முன்னால் நின்ற புகைப்படம் போதாது.

அப்படியானால் எந்த அரசு ஊழியருக்குத்தான் தகும்? இதே இடுக்கி மாவட்டத்தின் பீர்மேடு தாலுகாவில் ஒரு பதில் இருக்கிறது. ஜான் பென்னிகுவிக் மன்னர் அல்லர், திவான் அல்லர். சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையின் பொறியாளர். மேற்கே போன பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பிய அணை 1895இல் திறக்கப்பட்டது. அணைக்கு மட்டும் கட்டுரை போதாதா என்று கேட்கலாம். போதாது, ஏனென்றால் அவரைப் பற்றிய சாட்சி பல திசைகளிலிருந்து வருகிறது. 1899இல் வெளியான பெரியாறு திட்ட வரலாற்றை எழுதியவர் அதே திட்டத்தில் வேலை பார்த்த ஏ.டி. மெக்கன்ஸி, அச்சிட்டது அரசு. பென்னிகுவிக் தானே எழுதிய கட்டுரை லண்டன் சிவில் எஞ்சினியர்கள் நிறுவனத்தின் நடவடிக்கைத் தொகுதியில் இருக்கிறது. இவை மிகவும் பயனுள்ளவை, ஆனால் சார்பற்றவை என்று சொல்ல முடியாது. இவற்றை மட்டும் நம்பியிருந்தால் என் அளவுகோலில் அவரும் அணைக் கட்டுரைக்குள்தான் நின்றிருப்பார். அவரை வெளியே கொண்டுவருபவை வேறு. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைப் பற்றிக் குயின்ஸ்லாந்து அரசு அவரை அழைத்து அறிக்கை கேட்டது. பாசன வரலாறு எழுதியவர்கள் அவரை எடைபோட்டிருக்கிறார்கள். இரண்டு மாநிலங்கள் 2006, 2014 தீர்ப்புகள்வரை வழக்காடிய அணையின் விவாதத்தில் அவர் பெயர் ஓயாமல் வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் அவர் பிறந்த ஜனவரி 15இல் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்பில் தமிழ்நாடு அரசு 2013இல் மணிமண்டபம் திறந்தது. மக்களின் நன்றி தனியே ஓர் உண்மை. அதையும் களஞ்சியம் பதிவு செய்யலாம். ஆனால் நன்றியிலிருந்து பிறந்த கதையை நடந்ததாக எழுதக் கூடாது. சொத்தை விற்று அணையை முடித்தார் என்று ஊரே சொல்கிறது. அரசுத் திட்டத்துக்கு அரசுக் கணக்கு உண்டு. அந்தக் கால ஆவணம் காட்டப்படும்வரை, மக்கள் இப்படிச் சொல்கிறார்கள் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் போடக் கூடாது. இந்தக் கறார் அவருடைய கட்டுரையைச் சிறிதாக்காது, நம்பத்தக்கதாக்கும்.

காலமும் ஒரு நீதிபதி. பாலக்காட்டு மண் தந்த இரண்டு பேரைப் பாருங்கள். 1964 டிசம்பர்ப் புயலில் பாம்பன் பாலம் சிதைந்தபோது, அதை 46 நாளில் சீரமைத்த ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன். 1965இல் களஞ்சியம் இருந்திருந்தால் அவருக்குத் தனிக் கட்டுரை தகாது என்றே நான் சொல்லியிருப்பேன். பாலத்தின் கட்டுரையில் அழுத்தமான ஒரு பத்தி போதும். கொங்கண் ரயில்பாதையும் டெல்லி மெட்ரோவும் வந்த பிறகு அந்த விடை மாறுகிறது. அவர் திறமை 1965இலும் இருந்தது. அதைப் பற்றிய சாட்சிதான் பிறகு வந்தது. ஒற்றப்பாலத்தில் பிறந்த வி.பி. மேனன் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 1947இல் சமஸ்தானங்களுக்கான துறையின் செயலாளராக உயர்ந்தார். சமஸ்தான இணைப்பைப் பற்றி அவரே எழுதிய புகழ்பெற்ற நூல் உண்டு. அது மட்டும் இருந்திருந்தால் ஓய்வுபெற்ற அதிகாரியின் சுயவிளக்கம் என்று ஒதுக்கியிருக்கலாம். அதிகார மாற்றம் குறித்த பிரிட்டிஷ் ஆவணங்களும் பின்னாளைய வரலாற்றாசிரியர்களும் அவர் பங்கைத் தனியே பேசுவதால் ஐயத்துக்கு இடமில்லை. இன்று கிடைக்காதது என்றைக்கும் கிடைக்காது என்று அர்த்தமில்லை. தனிக் கட்டுரை இல்லை என்று சொல்வது, சாட்சி வரும்வரை காத்திருக்கிறோம் என்று சொல்வது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு வலுவானது. நேர்மையான அதிகாரி பேட்டி கொடுப்பதில்லை. நடத்தை விதிகளும் அவரை அடக்கமாக இருக்கச் சொல்கின்றன. வெளிச்சாட்சி கேட்டால் கேமராவைத் தேடிப் போகிறவருக்கே இடம் கிடைக்கும், ஓசையில்லாமல் உழைத்தவர் மறைந்துபோவார் என்கிறார்கள். பாதி உண்மை. ஆனால் அடக்கமாக இருந்தவரைப் பற்றி மற்றவர்கள் எழுதமாட்டார்கள் என்பதில்லை. தஞ்சை மண்ணில் பிறந்து ஆந்திரப் பிரிவில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த எஸ்.ஆர். சங்கரன் பத்மபூஷண் விருதையே மறுத்தவர். கொத்தடிமை ஒழிப்பிலும் தலித், பழங்குடி மக்களின் உரிமையிலும் அவர் பணி என்ன என்பதை அவரோடு போராடியவர்களும் அவரை ஆராய்ந்தவர்களும் எழுதினார்கள். மீதிப் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். எழுத ஆளில்லாத பல சங்கரன்கள் இருந்திருப்பார்கள். அதற்காகச் சான்றில்லாமல் கட்டுரை எழுதினால், அந்தச் சங்கரன்களைவிட, தன்னைத் தானே சங்கரன் என்று எழுதிக்கொள்பவர்கள்தான் வேகமாக உள்ளே வருவார்கள்.

இரண்டாவது மறுப்பு: வெள்ளைக்காரப் பொறியாளரைப் பற்றி வெள்ளைக்காரர் எழுதினார், அவருக்குக் கீழே வேலை பார்த்த தமிழ் ஓவர்சியரைப் பற்றி யார் எழுதினார்? சான்று கேட்கும் விதி பழைய அநீதியை அப்படியே நகலெடுக்கிறதே? ஆமாம், நகலெடுக்கிறது. கனடாவின் இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லண்டைப் பற்றிய ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரை வரைவு 2018 மே மாதம் சான்று போதாது என்று திருப்பப்பட்டது. அக்டோபரில் அவருக்கு இயற்பியல் நோபல் வந்தது. ஆனால் அங்கே விதி தவறவில்லை. அவருடைய பணியைப் பற்றிப் பேச வேண்டிய சான்றுகளைத் தேடிச் சேர்க்க வேண்டியவர்கள் சேர்க்கவில்லை. விதியைப் பிரயோகித்தவர்களின் பார்வையும் குறுகலாக இருந்தது. எனவே ஓவர்சியருக்கு நாம் செய்ய வேண்டியது சலுகை மதிப்பெண் போடுவதல்ல, அவரைப் பற்றிய ஏட்டைத் தேடுவது. திருவிதாங்கூர் ஆண்டறிக்கைகள், பழைய தமிழ், மலையாளப் பத்திரிகைகள், தொழிற்சங்க மலர்கள், எஸ்டேட் பதிவுகள் எல்லாம் இன்னும் முழுதாகப் படிக்கப்படாமல் கிடக்கின்றன.

மூன்றாவது மறுப்பு இளைஞர்களிடமிருந்து வரும். இணையத்தில் இடத்துக்கா பஞ்சம், ஒரு பக்கம் கூடினால் யாருக்கு நட்டம்? இடத்துக்குப் பஞ்சமில்லை, கண்ணுக்குத்தான் பஞ்சம். ஒவ்வொரு கட்டுரையையும் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால்தான் அதில் பொய் நுழையாமல் இருக்கும். பிரதமரின் பக்கத்தில் தவறு புகுந்தால் நிமிடத்தில் திருத்த ஆயிரம் பேர். ஒரு தாசில்தாரின் பக்கத்தில் அவரிடம் மனத்தாங்கல் உள்ளவர் அவதூறு எழுதிவைத்தால் ஆண்டுக்கணக்கில் அது அப்படியே கிடக்கும். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலரின் விக்கிப்பீடியாப் பக்கத்தில் கென்னடி கொலையோடு அவரைச் சேர்த்து எழுதிய பொய், 2005இல் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. பேர்போன ஒருவருக்கே அந்தக் கதி என்றால், யாரும் எட்டிப் பார்க்காத ஊர் அதிகாரிக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. செயலைப் பற்றிய கட்டுரையைப் பலர் பார்ப்பார்கள். அதற்குள் இருக்கும் பெயருக்கும் அந்தக் காவல் கிடைக்கும்.

மறுப்புகள் போதும், நம் மலைக்கே திரும்புவோம். 2007 செப்டம்பரில் பன்னியாறு மின்நிலையத்தில் பென்ஸ்டாக் உடைந்து, மின்வாரிய ஊழியர்கள் உட்படப் பலர் இறந்தார்கள். அவர்கள் செய்த வேலையைவிடப் பெரிய பொதுப்பணி எது? ஆனாலும் அவர்களுக்குத் தனித்தனிக் கட்டுரை எழுத முனைவதைவிட, அந்த விபத்துக்கு ஒரு நல்ல கட்டுரை எழுதுவதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை. பென்ஸ்டாக் ஏன் தாங்கவில்லை, பராமரிப்பு எப்படி இருந்தது, விசாரணை என்ன சொன்னது என்று அது கேட்க வேண்டும். கலைக்களஞ்சியம் சிலை வைக்கும் இடமல்ல. யாருக்கு இடம் தந்தோம் என்பதால் அது பெருமை பெறாது. வாசகருக்கு எவ்வளவு உண்மை தந்தது என்பதால்தான் பெறும்.

ஆகவே உங்கள் முன் ஒரு அதிகாரியின் பெயர் வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள். அவர் செய்த செயலுக்கு ஏற்கெனவே கட்டுரை இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதை எழுதுங்கள். அவரோடும் அவர் துறையோடும் சம்பந்தமில்லாதவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட காரியங்களைக் குறித்து அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா? இல்லையென்றால் காத்திருங்கள். அவர் உயிரோடிருந்தால், நாம் எழுதுவது அவருடைய வாழ்க்கையா, அல்லது ஒரே ஒரு நாளா? ஒரு நாள் என்றால் விட்டுவிடுங்கள். இந்த மூன்றையும் கடந்து வருகிறவர் கடைநிலை ஊழியராக இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள். கடக்காதவர் தலைமைச் செயலாளராக இருந்தாலும் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. களஞ்சியத்தில் சொந்த ஆய்வுக்கு இடமில்லை. கோப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கி வந்து நேரே கட்டுரையாக்க முடியாது. முதலில் யாராவது அதை ஆராய்ந்து புத்தகமாகவோ பத்திரிகைக் கட்டுரையாகவோ வெளியிட வேண்டும். பள்ளிவாசல் திட்டத்தைப் பற்றித் தமிழில் ஒரு முழுமையான வரலாற்று நூல் எழுதப்பட்டால், அதில் வரும் பொறியாளர், ஓவர்சியர், லைன்மேன் ஒவ்வொருவருக்கும் கதவு திறக்கும் சாவி அதுவாக இருக்கும். அந்த நூலை விக்கிப்பீடியா எழுதாது, அரசும் எழுதாது. இந்த மலையின் இரண்டு மொழியும் தெரிந்த நீங்கள்தான் எழுத வேண்டும். யாருக்குக் கட்டுரை தகும் என்ற சண்டைக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை அதற்குக் கொடுங்கள்; பல சண்டைகளுக்குத் தேவையே இருக்காது.